பரணின் சொந்தக்காரி

அந்தக் காலத்தில் எலி வயல் வரப்பில்தான் குடியிருந்தது. பேசவும் செய்தது, நன்றாகவே பேசியது. யாரும் காதில் வாங்கவில்லை என்பது வேறு விஷயம். இன்று பரணில் சத்தம் கேட்டதும் "திருட்டு எலி" என்று கம்பைத் தூக்குகிறோமே, அது எப்படி அங்கே போனது என்று ஒரு தடவையாவது விசாரித்திருக்க வேண்டாமா?

ஆற்றங்கரையில் ஒரு கூரை வீட்டில் தில்லைக்கண்ணுவும் அவன் மனைவி காத்தாயியும் இருந்தார்கள். ஐப்பசி மழைக்கு முன் அவன் புதுக் கீற்று வேய்ந்து, இரட்டைப் பனைநாரால் இறுக்கிக் கட்டினான். "புயலே வந்தாலும் ஒரு கீற்று அசையாது" என்று பெருமை வேறு. வேலை முடிந்ததும், எல்லோரும் செய்வதைப்போல, அரிவாளைக் கூரையின் வெளி விளிம்பில் செருகிவிட்டு உள்ளே போனான்.

ஒருநாள் உச்சிப்பொழுதில் ஆறு கரையை உடைத்தது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததும் இருவரும் பரணில் ஏறினார்கள். அடுத்த போகத்துக்கான விதைநெல்லை வைக்கோலில் சுற்றிக் கட்டிய கோட்டை அங்கேதான் இருந்தது. பூனையும் தாவி ஏறியது. அதை யாரும் கேள்வி கேட்கவில்லை.

அப்போது வாசல் வழியே எலி வந்தது. ஒரு தென்னை மட்டையில் ஐந்து குஞ்சுகளைக் கிடத்தி, மட்டையின் நுனியைக் கவ்விக்கொண்டு நீந்தியது. நடுவில் நீர் சுழித்ததால் சுவரை உரசியபடியே வந்து சேர்ந்தது.

"அக்கா, வரப்பு போச்சு. குஞ்சுகளுக்கு மட்டும் ஒரு மூலை குடுங்க."

காத்தாயி கை நீட்டினாள். தில்லைக்கண்ணு தடுத்தான். "விதைநெல் இருக்கிற இடத்துல எலியா? உனக்குப் புத்தி இருக்கா?"

"விதையை நான் தொடலையே. தொட்டப்புறம் திட்டுங்க."

"எதிர்ப்பேச்சு வேறயா!" என்று கம்பால் மட்டையைத் தள்ளிவிட்டான். பூனை சிரித்தது. எலி சுவரில் வாசலுக்கும் மேலே இருந்த விளக்கு மாடத்தில் குஞ்சுகளை ஒவ்வொன்றாக ஏற்றி வைத்து, தானும் நனைந்தபடி உட்கார்ந்தது.

தண்ணீர் நிற்கவில்லை. வாசல் முழுதாக மூழ்கியது. இனிக் கூரையைப் பிரித்து மேலே போனால்தான் உயிர். தில்லைக்கண்ணு பனைநாரை இழுத்தான். நகம் பெயர்ந்ததே தவிர முடிச்சு நகரவில்லை.

"அரிவாள் எங்கே?" என்றாள் காத்தாயி.

"கூரை விளிம்புல."

"உள்ளேயா, வெளியேயா?"

அவன் மறுபடியும் நாரையே இழுத்தான்.

"நல்லாக் கட்டுனீங்க போங்க. புயல் உள்ளே வராது, நாமளும் வெளியே போக முடியாது!"

பூனை இரண்டு தரம் கீறிப் பார்த்துவிட்டு மூலையில் சுருண்டது. மாடத்திலிருந்து எலி சொன்னது: "என்கிட்ட பல் இருக்கு."

"அப்ப சீக்கிரம் வா!" என்றான் தில்லைக்கண்ணு.

"வர்றேன். எனக்கு மட்டும்னா ஒரு விரல் ஓட்டை போதும். ஆள் நுழையற வழி வேணும்னா என் பல்லு பாதி தேயும். அதுக்குப் பரண் எனக்கு வேணும்."

"தண்ணி வடியற வரைக்கும் இருந்துக்க."

"வடிஞ்சதும் மறுபடி கம்பா? வீடு நிக்கிற வரைக்கும்னு சொல்லுங்க."

மாடத்தை நீர் தொட்டது. காத்தாயி விதைக்கோட்டையின் மேல் கை வைத்தாள். "இந்த விதைமேல ஆணை. வீடு நிக்கிற வரைக்கும் பரண் உனக்கும் உன் வம்சத்துக்கும்." தில்லைக்கண்ணுவின் கையையும் இழுத்து அதன்மேல் வைத்தாள். பிறகு குஞ்சுகளை முந்தானையில் அள்ளினாள்.

எலி கடித்தது. வாயில் ரத்தம் வந்தும் நிறுத்தவில்லை. பனைநார்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. கீற்று தூக்கிக்கொண்டது, வெளிச்சம் விழுந்தது. ஆட்கள், குஞ்சுகள், விதை, அந்தப் பூனை என்று எல்லோரும் கூரை முகட்டில் ஏறிப் பிழைத்தார்கள்.

வெள்ளம் வடிந்தது. சேறு கூட உலரவில்லை, தில்லைக்கண்ணு எட்டிக்கொட்டையை அரைத்துச் சோற்றில் பிசைந்து, ஒரு புதுச் சட்டியில் போட்டுப் பரணில் வைத்தான். மூத்த குஞ்சு நம்பி வயிறு நிறையத் தின்றது. பிறகு அது எழுந்திருக்கவில்லை.

எலி அழுது முடித்துவிட்டுப் பரண் விளிம்புக்கு வந்தது. "அண்ணே, இதுதான் உங்க ஆணையா?"

காத்தாயி சட்டியை எடுத்துச் சுவரில் அடித்து உடைத்தாள். "கை வச்சது நானும்தான். எனக்கும் சேர்த்தா விஷம் வச்சீங்க? இது பரணைவிட்டு இறங்கினா நானும் இந்த வீட்டைவிட்டு இறங்கிடுவேன்."

"நான் ஏன்க்கா இறங்கணும்? இது என் இடம்" என்றது எலி. "ஆனா இனி உங்க முகத்துல முழிக்க மாட்டேன், உங்களோட பேசவும் மாட்டேன். நீங்க தூங்கினப்புறம் நடமாடிக்கிறேன். எது புதுசா வந்தாலும் துளி கொறிச்சுட்டுக் காத்திருப்போம். பல்லை மட்டும் தீட்டிக்கிட்டே இருப்போம். உங்க அரிவாளை நம்பி என் பிள்ளைகளை வளர்க்க முடியாது."

சொல்லிவிட்டு இருட்டுக்குள் போனது. மீதி நாலு குஞ்சுகளும் பின்னாலேயே போயின.

அன்று முதல்தான் எலி சுவரோரமாகவே ஓடுகிறது, புதுப் பண்டத்தைத் துளி ருசித்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது, ஊர் அடங்கிய பிறகு பரணில் மரத்தைக் கறுக் கறுக்கென்று கடிக்கிறது. அடுத்த வெள்ளத்துக்கு அது வழி தயார் செய்துகொண்டிருக்கிறது. நாமோ அன்று முதல் இன்றுவரை அரிவாளை வெளியேதான் செருகுகிறோம்.