பூட்டிக் கெடந்த கட்டுரை

உக்காருங்கய்யா, உக்காருங்க. அந்த வாயைக் கொஞ்சம் மூடுங்க, கதை பயந்து ஓடிரும்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு காலேஜ். அங்க தணிகைவேல் புரொபசர் தொண்டையைச் செருமினா, ஓடுற ஃபேன்கூட நின்னுரும். ஒரு நாள் சொன்னாரு: "பத்து ஆராய்ச்சிக் கட்டுரை படிச்சு அசைன்மென்ட் எழுதணும். எழுதலைன்னா பரீட்சை கெடையாது!"

பாதிக் கட்டுரை நெட்டுல பூட்டிக் கெடக்கு, பணம் கட்டுனாத்தான் தெறக்கும். புள்ளைங்க திருதிருன்னு முழிச்சுதுங்க. கடைசி பெஞ்சு பேச்சியம்மா மட்டும் எழுதிக் குடுத்துட்டா. தீப்பெட்டி ஒட்டுற வீட்டுப் புள்ள, அட்டெண்டன்ஸுக்கே தலையைத்தான் ஆட்டுவா.

புரொபசர் அதைப் பிரிச்சுக்கூடப் பாக்கல. "பத்தும் படிச்சியா? திருடினியா? உன்னைப் பரீட்சை எழுத விடமாட்டேன்!"

"இல்ல சார். ஏழு கட்டுரையை யார் வேணாலும் படிக்கட்டும்னு பல்கலைக்கழகங்களே தெறந்து வச்சிருக்கு. பூட்டினது மூணு. எழுதினவங்களுக்கே மெயில் போட்டுக் கேட்டேன், அனுப்பினாங்க."

புரொபசர் சிரிச்சாரு பாருங்க, மீசை தனியா ஆடுச்சு. "ஏம்மா, ஊர் பேர் தெரியாத உனக்கு எந்த அறிஞன் ஓசியில தூக்கிக் குடுப்பான்? ஒருத்தன் பேரைச் சொல்லு பாப்போம்!"

குனிஞ்ச தலை நிமிராம பேச்சியம்மா சொன்னா:

"நீங்க சார். கேட்ட பத்தாவது நிமிஷம் உங்க கட்டுரையை அனுப்பினீங்க. எந்தக் காலேஜுன்னுகூடக் கேக்கல. 'இதைக் கேட்ட மொத ஆளு நீதாம்மா, இன்னும் ரெண்டு இருக்கு, அனுப்பட்டுமா'ன்னு கேட்டிருந்தீங்க."