ராஜாவின் கடைவாய்ப்பல்லும் ஒரு பிடி மாவும்

தும்பிக்கோட்டை ராஜா இரணசூர பூபதிக்குப் பல்வலி வந்தாலும் வந்தது, அரண்மனையில் ஒருத்தரும் நிம்மதியாக இல்லை. சமையற்காரனை நாடு கடத்தினார். கத்தியதற்காகக் கிளியைக் காவலில் வைத்தார்.

கடைசியில் சபையின் குறும்புக்காரன் சடகோபன்தான் பல் வைத்தியர் மாசிலாமணியை அழைத்து வந்தான். அவர் மெல்லிய எஃகு ஊசியில் ஒரு சின்ன வில்லின் கயிற்றைச் சுற்றி, வில்லை முன்னும் பின்னும் இழுப்பார். ஊசி சுழன்று பல்லைக் குடைந்து வேர்வரை இறங்கும். பத்துச் சுற்றுக்கு ஒருதரம் வெளியே எடுத்துத் துடைப்பார், தண்ணீர் விடுவார், மறுபடி ஆரம்பிப்பார்.

ராஜாவின் பட்டங்களை முழங்கும் கட்டியக்காரர் பூவராகத்துக்குச் சடகோபனைக் கண்டாலே ஆகாது. ராஜாவின் காதைக் கடித்தார். "ஊசி மழுங்கல், மகாராஜா. அதனால்தான் இத்தனை நிறுத்தம். அழுத்தி இழுத்தால் எப்போதோ முடிந்திருக்கும்."

ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஓய் வைத்தியரே, இனி நிறுத்தக் கூடாது. துடைக்கக் கூடாது. தண்ணீர் கூடாது. அழுத்தி, வேகமாக, ஒரே மூச்சில். தொட்டித் தண்ணீரில் மிதக்கும் அந்த நாழிகை வட்டில் நிறைந்து மூழ்குமுன் முடியாவிட்டால் உமது வலது கை போச்சு."

"அப்படிச் செய்தால் ஊசி வேரிலேயே ஒடிந்துவிடும், தம்பி," என்று முணுமுணுத்தார் வைத்தியர். சடகோபன் ராஜாவின் முன்னால் வந்து நின்றான். கூட்டி வந்த பாவம் அவனுடையதல்லவா.

"அருமையான உத்தரவு," என்றான் அவன். "எந்தக் காரியத்துக்கும் முன்னால் உங்கள் பட்டங்களை முழங்குவது வழக்கம். அதையும் இதே உத்தரவுப்படி நடத்துவோம். பூவராகம் ஐயா வாயில் ஒரு பிடி வறுத்த மாவு. விழுங்கக் கூடாது, துப்பக் கூடாது, தண்ணீர் கூடாது. வேகமாக, ஒரே மூச்சில்."

"நடக்கட்டும்," என்றார் ராஜா.

மூன்றாவது பட்டத்திலேயே பூவராகத்தின் விழி பிதுங்கியது. நான்காவதற்கு வாயைத் திறந்தார். பட்டம் வரவில்லை, மாவுதான் வந்தது. சபையில் முன்வரிசைக்காரர்களுக்கெல்லாம் வெள்ளை மீசை.

"ஐயாவின் நாக்கு மழுங்கல் இல்லை, மகாராஜா. மாவு அடைத்துக்கொண்டது. ஊசியையும் பல்லின் துகள் இப்படித்தான் அடைக்கும். துடைத்தால்தான் அடுத்த சுற்று வெட்டும். துடைக்காமல் அழுத்தினால் ஒடியும். வைத்தியர் வேறு ஊசி எடுத்துக்கொள்வார். நீங்கள் வேறு பல்லுக்கு எங்கே போவீர்கள்?"

ராஜா கன்னத்தைத் தடவிக்கொண்டார். "எவ்வளவு நேரமாகும், வைத்தியரே?"

"அரைநாள், மகாராஜா."

"ஆகட்டும். வட்டிலை எடுத்துப் போங்கள். சடகோபா, உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"கிடைத்துவிட்டது, மகாராஜா. அரைநாள் உங்கள் வாயில் ஊசி இருக்கும். அரைநாள் யாருக்கும் உத்தரவு கிடையாது."

ராஜா சிரிக்க வாயைத் திறந்தார். வைத்தியர் அதை மூட விடவில்லை.