தளவாய்க்கு விழுந்த மாலை

கள்ளிமேட்டுச் சமஸ்தானத்தை அதிரூபசிங்க மகாராஜா ஆண்டபோது மழை பெய்தது, மாடு கறந்தது, ஜனங்களுக்கு ஒரு குறையும் இல்லை. சடுகுடு ஒன்றைத் தவிர. பக்கத்து ஆவாரங்கோட்டையோடு வருஷத்துக்கொரு தரம் நடக்கும் ஆட்டத்தில் ஏழு வருஷமாகக் கள்ளிமேடு மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தது.

அணியை நடத்தியவர் தளவாய் தாண்டவமூர்த்தி. மகாராணியின் தம்பி. மாடிப்படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கும். ஆனாலும் சடுகுடுவுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்: அரண்மனைக்கு யார் எத்தனை நெருக்கமோ, அவர் களத்தில் அத்தனை முன்னால் நிற்கலாம். அதனால் எதிர்க்களத்துக்குப் பாடிப் போகும் பொறுப்பு அவருடைய மருமகனுக்கு. ஒரு மூச்சில் தெருவையே சுற்றி வரக்கூடிய பனையேறி இசக்கி, எப்போதோ ஒருநாள் கும்பிட மறந்துவிட்டான். அதனால் அவனுக்குக் கிடைத்தது தண்ணீர் மொண்டு கொடுக்கும் வேலை.

ஒவ்வொரு தோல்விக்கும் தளவாயிடம் காரணம் இருந்தது. ஒரு வருஷம் வெயில் கண்ணில் பட்டது. ஒரு வருஷம் காற்று திசை மாறியது. ஒரு வருஷம் பல்லி சொன்னது. பிறகு ஆட்டக்காரர்களின் கச்சைக்கு வேறு நிறம் கொடுத்து, "அணியைப் புதுப்பித்துவிட்டேன்" என்பார்.

எட்டாம் வருஷம், ஆட்டத்துக்கு முதல்நாள் காலை, செக்காட்டும் பிச்சாண்டிக்குப் பொறுக்கவில்லை. தளவாயின் பல்லக்கு கடைத்தெருவில் போகும்போது கத்திவிட்டான்: "இந்த ஆளு இருக்கிற வரைக்கும் நாம ஜெயிக்கவே மாட்டோம்!"

பிடித்துக் கட்டினார்கள். ஐம்பது கசையடி என்று தீர்ப்பானது.

சபையில் இருந்த கார்மேகப் புலவருக்கு மனசு கேட்கவில்லை. அவரும் ஏழு வருஷம் களத்தோரம் நின்று கத்தித் தொண்டை கட்டிக்கொண்டவர்தானே! "மகாராஜா, அவன் சொன்னது பொய்யில்லையே" என்றார்.

"ஓய், நீரும் அவன் கட்சியா?"

"நான் சடுகுடு கட்சி, மகாராஜா."

சபை சிரித்தது. மன்னர் சிரிக்கவில்லை. "அப்படியா? தளவாயால்தான் தோற்கிறோம் என்று நாளை ஆட்டம் முடிவதற்குள் நிரூபியும், பிச்சாண்டியை விட்டுவிடுகிறேன். ஆனால் நீரும் ஊரில் வேறு எவனும் தளவாயைப் பற்றி ஒரு குறையும் சொல்லக்கூடாது. சொன்னாலும், நிரூபிக்காவிட்டாலும் பிச்சாண்டிக்கு ஐம்பது, உமக்கும் ஐம்பது."

"புகழலாமா, மகாராஜா?"

"தொண்டை கிழியப் புகழட்டுமே!" என்றார் தளவாய், மீசையைத் தடவிக்கொண்டு.

புலவர் வெளியே வந்தார். முதுகு இப்போதே எரிவது போல இருந்தது. வாசலில் பிச்சாண்டியின் மனைவி பேச்சி அழுதுகொண்டு நின்றாள்.

"ஐயா, வயித்தெரிச்சல்ல கத்திப்புட்டாரு. ஐம்பது அடி அவரு ஒடம்பு தாங்காதுய்யா."

"அழாதே பேச்சி. ஊரெல்லாம் போய்ச் சொல்லு. நாளைக்கு நான் எப்போ துண்டை வீசுறேனோ, அப்போ எல்லாரும் 'தளவாய் வாழ்க'ன்னு கத்தணும். வேற எதுக்கும் வாயைத் திறக்கக் கூடாது."

"அந்த ஆளையா வாழ்த்தணும்?"

"அந்த ஆளையேதான்."

மறுநாள் ஆட்டம் தொடங்கியது. மருமகன் பாடிப் போனார். நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு முட்டிப் பாட்டு நின்றது. ஆவாரங்கோட்டைக்கு ஒரு புள்ளி. புலவர் துண்டை வீசினார்.

"தளவாய் வாழ்க!" என்று ஊரே அதிர்ந்தது.

மன்னர் முகம் மலர்ந்தது. தளவாய் எழுந்து நின்று கும்பிட்டார்.

அடுத்துத் தளவாயின் சகலை போனார். நடுக்கோட்டைத் தாண்டியதும் அமுக்கிவிட்டார்கள். துண்டு பறந்தது. "தளவாய் வாழ்க!" மூன்றாவது ஆள் பயந்து கோட்டுக்கு வெளியே ஓடினார். "தளவாய் வாழ்க!" தளவாய் கும்பிட்டுக் கும்பிட்டுக் கை ஓய்ந்தார்.

நடுவில் ஆவாரங்கோட்டைக்காரன் ஒருவன் கால் வழுக்கி விழ, தெரியாத்தனமாகக் கள்ளிமேட்டுக்கு ஒரு புள்ளி கிடைத்தது. துண்டு அசையவில்லை. ஊர் கப்சிப். மன்னரின் புருவம் லேசாக ஏறியது.

ஆட்டம் முடிந்தது. வழக்கம்போலத் தோல்வி.

அந்தச் சீமையில் ஒரு நியாயமான வழக்கம் உண்டு. ஜெயித்த ஊர் ராஜா கையில் மாலையோடு வந்து, தம் வெற்றிக்குக் காரணமான வீரன் யார் என்று தோற்ற ஊர் ஜனங்களைக் கேட்பார். அவர்கள் யாரைக் காட்டுகிறார்களோ, மாலை அவருக்கு. தோற்றவன் வாயால் வரும் பெயரில் ஓரவஞ்சனை இருக்காதல்லவா?

ஆவாரங்கோட்டை ராஜா நடுக்களத்தில் நின்று கேட்டார்: "கள்ளிமேட்டு ஜனங்களே! எங்கள் வெற்றிக்குக் காரணமான வீரன் யார்?"

துண்டு தேவைப்படவில்லை. பேச்சிதான் முதலில் கத்தினாள். அடுத்த நொடி ஊரே கத்தியது.

"தளவாய் தாண்டவமூர்த்தி!"

நாள் முழுக்கப் புகழ் கேட்ட காதல்லவா? கேள்வி என்னவென்று தளவாய் கவனிக்கவே இல்லை. விறுவிறுவென்று களத்துக்குள் போனார். கழுத்தை நீட்டி மாலையை வாங்கிக்கொண்டார். நெஞ்சில் கை வைத்து, கணீரென்று சொன்னார்: "எல்லாம் என் எட்டு வருஷ உழைப்பு!"

ஆவாரங்கோட்டை ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மகாராஜாவின் முகம் சிவந்தது. சிவந்த முகம் மெல்ல நடுங்கி, கடைசியில் வெடித்துச் சிரித்தது.

"புலவரே! ஒருவனும் ஒரு குறை சொல்லவில்லை. அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். பிச்சாண்டியை அவிழ்த்து விடுங்கள்! நாளையிலிருந்து அணி இசக்கியின் பொறுப்பு."

தம் தோளில் இருந்த பட்டுச் சால்வையைப் புலவருக்குப் போர்த்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அது சரி, ராணியின் தம்பி ஆயிற்றே. தளவாயை என்ன செய்வது?"

"ஆவாரங்கோட்டை அணியை நடத்த அனுப்பி வையுங்கள், மகாராஜா. அடுத்த வருஷம் நாம் ஜெயிக்க வேண்டாமா?" புலவர் குரலைத் தாழ்த்தவில்லை.

அது காதில் விழுந்ததுதான் தாமதம், ஆவாரங்கோட்டை ராஜா வெற்றிக் கேடயத்தைக்கூட எடுக்காமல் பல்லக்கில் ஏறி, "தூக்குங்கடா, ஓடுங்கடா!" என்றார்.