இருளப்பன் மண்டபத்துப் பலகை

“செத்துப்போனவுகள எப்படிம்மா காப்பாத்த?”

உச்சிமாகாளி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கேட்டார். சண்முகத்தாய் அவரைக்கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு அறுபத்தைந்து வயது. அவளுக்கு நாற்பத்திரண்டு. குரு அவள்தான்.

குரு என்று கூப்பிட்டால் அவளுக்குப் பிடிக்காது. எந்தத் தெருக்காரி என்று கேட்டாலும் பிடிக்காது. கேட்டவர்களுக்கு அன்றைக்குக் கஞ்சி கிடையாது. ஆனாலும் மனசு சரியில்லாதவர்கள் அந்தப் பாறைக் குன்றின் அடிவாரத்தில் இருந்த அவள் குடிசையைத் தேடி வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

“செருப்போட வாங்கண்ணே. பூராவும் நெருஞ்சி.”

“உங்க இடத்துக்கு எப்படிம்மா செருப்போட வர?”

கழற்றி வேலியோரம் வைத்துவிட்டு நடந்தார். ஆறாவது எட்டில் முள் குத்தியது.

அவள் பந்தலை விட்டு வந்தாள். சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்தாள்.

“உக்காருங்க. காலைக் குடுங்க.”

“என் காலைப் போயி நீங்க தொடவா?”

“கால்தானே.”

இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பந்தலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“இருளப்பண்ணன் போயி நாளையோட ஒரு வருசம்.”

“தெரியும்.”

அந்தத் தாலுகாவில் இருளப்பனைத் தெரியாதவர்கள் இல்லை. நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால், கீழத்தெருக்காரர்கள் மேலத்தெருவுக்குள் கால் வைத்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. இருளப்பன் டவுனுக்குப் போய் ஒரு சாக்கு நிறைய டயர் செருப்பு வாங்கி வந்தார். நாற்பத்தோரு பேர் காலில் மாட்டிவிட்டார். பட்டப்பகலில், மேலத்தெரு நடுவில், அவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார். ஒளிந்தும் போகவில்லை, ஓடியும் போகவில்லை.

அவருக்குப் பின்னால் ரெண்டாவது ஆளாக நடந்தவர் உச்சிமாகாளி. அன்றைக்கு விழுந்த கம்படியில் அவருடைய இடது காது இன்றுவரை சரியாகக் கேட்பதில்லை. அந்த நாற்பத்தோரு பேரில் இப்போது மிஞ்சியிருப்பது அவர் ஒருவர்தான்.

“மண்டபம் கட்டியாச்சும்மா. மார்பளவுச் சிலை. சுத்திலும் கிரானைட்டு. சாவி எங்கிட்டத்தான் இருக்கு. விடிஞ்சதும் போயி கூட்டுவேன், கழுவுவேன், மாலை போடுவேன். அப்பறம் கொஞ்ச நேரம் அழுவேன்.”

“வீட்டுல அழுறதில்லையா?”

“வீட்டுல அழுதா மருமக பயப்படுதா. அங்க வச்சுத்தான் அழுதுக்கிடுதேன்.”

“அழுங்க.”

“அழுகைய விடுங்க. ஜனத்துக்கு மரியாதை இல்லம்மா. பஸ் வரல்லன்னு அங்க வந்து உக்காருதான். கடலையத் திங்கான். போன் பேசுதான். செருப்போட ஏறுதான். ஒரு வருசத்துக்குள்ள இப்படின்னா பத்து வருசத்துல அவுகளை யாருக்கு ஞாவகம் இருக்கும்? அதான் வாசல்ல ஒரு தகரப் பலகை வச்சேன். என் கையால எழுதினது.”

“என்னன்னு?”

“செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்னு.”

ஊக்கு ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் தோண்டியது.

“சிலையில இருக்கவுக என்ன செஞ்சவுக?”

“இதென்னம்மா கேள்வி? மேலத்தெருவுல எங்களைச் செருப்பு போட்டு நடக்க வச்சவுக.”

சொல்லும்போதே உச்சிமாகாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு அந்த இடத்தில் முதுகு நிமிர்ந்துவிடும்.

“அப்படியா” என்றாள் சண்முகத்தாய், இப்போதுதான் கேள்விப்படுகிறவளைப் போல.

அவர் மக்கு இல்லை. கொஞ்ச நேரத்தில் பிடித்துவிட்டார்.

“நீங்க எங்க வாரீங்கன்னு தெரியுது. அங்க அவன் கழட்டச் சொன்னான். இங்க நானா கழட்டுதேன். ரெண்டும் ஒண்ணா? அப்பன் ஆத்தா முன்னாடி கழட்டுதோம். கோயில்ல கழட்டுதோம். எனக்கு அப்பன், ஆத்தா, கோயிலு எல்லாமே அவுகதான். அவுக முன்னாடி செருப்போட நிக்க எனக்கு மனசு வரலம்மா.”

நியாயமான பேச்சுதான். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சண்முகத்தாயும் தலையாட்டினாள்.

“நீங்க கழட்டுறது சரி. பலகை எதுக்கு?”

“மத்தவனும் கழட்டணும்லா.”

“கழட்டலைன்னா?”

“விட மாட்டேன்.”

“யாரை விடல?”



“முந்தாநாளு ஒருத்தர் வந்தாரு. வயசாளி. எழுபது, எழுபத்தஞ்சு இருக்கும். மேக்க ஏதோ ஊராம். சிலையைப் பாக்கணும்னு ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்காரு. செருப்போட படியில ஏறிட்டாரு. ஒரு அதட்டுப் போட்டேன்.”

“என்னன்னு?”

“பலகை கண்ணுக்குத் தெரியலையான்னு. எழுதப் படிக்கத் தெரியாதுன்னாரு. சரி, கழட்டுன்னேன்.”

“கழட்டுனாரா?”

“உடனே கழட்டிட்டாரு. கீழ போட்டா நாய் தூக்கிட்டுப் போயிரும்னு கையில எடுத்துக்கிட்டாரு. சிலையை ஒரு சுத்து சுத்தி வந்தாரு. போயிட்டாரு.”

“உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?”

“சரிங்க சாமின்னாரு. வேற ஒண்ணும் சொல்லல.”

முள் வெளியே வந்தது. அவள் அதை நகத்தால் சுண்டிவிட்டாள். காலை விடவில்லை.

“இதுக்கு முன்னாடி உங்களை யாராவது சாமின்னு கூப்பிட்டிருக்காவளா?”

கூப்பிட்டதில்லை. அறுபத்தைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. அவர்தான் பத்தொன்பது வயதுவரை மேலத்தெருவில் எதிரே வந்தவர்களை எல்லாம் அப்படிக் கூப்பிட்டிருந்தார். பால்குடி மறக்காத பிள்ளைகளைக்கூடக் கூப்பிட்டிருந்தார்.

“வயசாளில்லா. பழக்கதோசம்.”

“இருக்கும்.”

அவள் காலைக் கீழே வைத்தாள். எழுந்து வேலியோரம் போனாள். அவருடைய செருப்பைத் தன் கையாலேயே எடுத்து வந்தாள்.

“கையில எடுத்துக்கிட்டாருன்னீங்களே. எப்படிப் பிடிச்சிருந்தாரு?”

“எப்படின்னா? கையிலதான்.”

“எந்திரிச்சுக் காட்டுங்க.”

இதில் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உச்சிமாகாளி எழுந்தார். செருப்பை வாங்கினார்.

வாங்கியதும் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கை தானாகச் செய்தது. ரெண்டு செருப்பையும் அடியோடு அடி சேர்த்தது. இடது அக்குளில் செருகியது. முழங்கை விலாவோடு ஒட்டிக்கொண்டது. தோள் இறங்கியது. கழுத்து முன்னால் வளைந்தது. கண் தரைக்குப் போனது.

அந்த வயசாளி நின்றதும் அப்படித்தான். அச்சு அசல் அப்படியேதான்.

நாற்பத்தாறு வருஷமாக அந்தக் கை அந்த வேலையைச் செய்யவில்லை. மறந்துவிட்டது என்றுதான் உச்சிமாகாளி நம்பியிருந்தார்.

கொடிப் பந்தலுக்கு நடுவில் அவர் அப்படியே நின்றார். செருப்பைக் கீழே போடவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. 

“ஏம்மா என்னை இப்படி நிக்க வச்சீங்க?”

“நான் கேட்டேன். நீங்க நின்னீங்க.”

சொல்லிவிட்டு அவள் பந்தல் கட்டப் போய்விட்டாள்.

அவர் அழுதார். மண்டபத்தில் அழுகிற அழுகை வேறு. இது அவர்மேலேயே அவருக்கு வந்த கோபத்தில் வந்த அழுகை. அழுது முடித்து முகத்தைத் துண்டால் துடைத்தார். செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டினார்.

“கஞ்சி குடிச்சிட்டுப் போங்க.”

“வேண்டாம்மா. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

வேலிவரை போனவர் திரும்பினார்.

“அவரு பேருகூட நான் கேக்கல. மேக்க போயி ஊரு ஊராத் தேடுனா கிடைச்சிருவாரு. மன்னிப்புக் கேட்டுட்டு வந்திரட்டுமா?”

“நீங்க மன்னிப்புக் கேட்டா என்ன சொல்லுவாரு?”

உச்சிமாகாளி யோசித்தார். அவர் வாயிலிருந்து வந்த சொல் அவருக்கே பிடிக்கவில்லை.

“சரிங்க சாமின்னுதான் சொல்லுவாரு.”

அவள் கொடியை எடுத்துக் கம்பில் சுற்றினாள். அதற்குமேல் அவள் பேச மாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. ஒலிபெருக்கி முழங்கியது. படிக்குக் கீழே செருப்புகள் குவிந்து கிடந்தன. தொலைந்துவிடும் என்று பயந்தவர்கள் கையில் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். புதுச் செருப்புக்காரர்கள் மார்போடு அணைத்திருந்தார்கள். வயதானவர்கள் அக்குளில் வைத்திருந்தார்கள்.

பலகை வைத்த நாளிலிருந்து தினமும் அந்த வாசலில் நின்றவர்தான் உச்சிமாகாளி. இன்றைக்குத்தான் அதைப் பார்த்தார்.

“எங்க போனீக சித்தப்பா?” நினைவுக் குழுச் செயலாளர் பொன்னுத்துரை மேடையிலிருந்து ஓடிவந்தான். “நாப்பத்தோரு பேருல நீங்க ஒரு ஆளுதான் பாக்கி. முதல் பொன்னாடை உங்களுக்குத்தான். பேரை ரெண்டு தடவை வாசிச்சாச்சு.”

உச்சிமாகாளி மேடைப் பக்கம் போகவில்லை. பந்தல்காரனிடம் ஸ்பேனர் கேட்டு வாங்கினார். பலகையில் ரெண்டு போல்ட்தான். ஒன்று எளிதாகக் கழன்றது. இன்னொன்று துருப்பிடித்திருந்தது, அதற்காகக் கொஞ்சம் கெட்ட வார்த்தையும் பேச வேண்டியிருந்தது.

மண்டபம் கழுவிய தண்ணீர் முதல் படிக்கு முன்னால் சேறாகத் தேங்கிக் கிடந்தது. பலகையை அதன்மேல் போட்டார், எழுத்து மேலே இருக்கும்படி.

பிறகு அதன்மேல் ஏறினார், செருப்போடு.

தகரம் சத்தம் போட்டது. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவருக்குக் கால் நடுங்கியது. அன்றைக்கு மேலத்தெருவிலும் நடுங்கியது. ஆனால் அன்றைக்கு முன்னால் ஒரு முதுகு இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே நடந்துவிட்டார். இன்றைக்கு முன்னால் யாரும் இல்லை. அண்ணன் செத்துப்போனது அப்போதுதான் முழுசாக உறைத்தது.

“எல்லாரும் போட்டுக்கிட்டு வாங்க” என்றார் வரிசையைப் பார்த்து.

யாரும் அசையவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில், வரிசை நடுவில் நின்ற ஒரு கிழவர் அக்குளிலிருந்த செருப்பைத் தரையில் போட்டார். ரெண்டு காலையும் நுழைத்துக்கொண்டு பலகையை நோக்கி நடந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருத்தி போட்டாள். அப்புறம் அங்கங்கே தரையில் செருப்பு விழ ஆரம்பித்தது.

பொன்னுத்துரைக்கு முகம் செத்துவிட்டது.

“சித்தப்பா, குழுவைக் கேக்காம நீங்களா எப்படிப் பலகையை எடுக்கலாம்? இப்படிச் செஞ்சா உங்களைக் குழுவுல வச்சிருக்க முடியாது. சாவியைக் குடுத்திருங்க.”

உச்சிமாகாளி இடுப்பில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்தார். நாளையிலிருந்து உட்கார்ந்து அழ ஓர் இடம் கிடையாது என்று தெரிந்துதான் அவிழ்த்தார். அவன் கையில் வைத்தார்.

“பொன்னாடையும் கிடையாது.”

“வேண்டாம்.”

“ஏறுறவன் எல்லாம் செருப்போட ஏறுனா இந்த இடம் என்னத்துக்கு ஆகும்? ஊருன்னு இருந்தா ஒரு கட்டுப்பாடு வேண்டாமா சித்தப்பா?”

உச்சிமாகாளி கேட்கிற காதை அவன் பக்கம் திருப்பி அதை முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அடுத்த படியில் கால் வைத்தார்.

“கம்பை ஓங்குறதுக்கு முன்னாடி மேலத்தெருக்காரனும் இதையேதான் தம்பி கேட்டான்.”