நவம்பரைத் தேடியவர்கள்

பேராசிரியர் தில்லைநாயகி இருபத்தேழு ஆண்டுகளாக ஒரே பாடத்தை நடத்திவந்தார்: கடல் கடந்த ஆப்பிரிக்கர்களின் வரலாறு. விருப்பப் பாடம். அதை விரும்பி எடுத்தவர்கள் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர். மற்றவர்கள் கால அட்டவணையில் வேறு இடம் கிடைக்காமல் வந்தவர்கள். இரண்டாம் வகையினர்தான் நன்றாகப் படித்தார்கள் என்று அவர் சொல்வதுண்டு.

எந்த ஆவணத்தைக் கொடுத்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதை எழுதினவனுக்கு என்ன வேணும்?"

விடுதியின் சாப்பாட்டுப் பட்டியலைக் கொடுத்தாலும் இதையே கேட்பார் என்று மாணவர்கள் கிண்டல் செய்வார்கள். ஒருமுறை கொடுத்தும் பார்த்தார்கள். கேட்டார்.

அடிமைகளைப் பற்றி எழுதும்போது 'இந்தியாவுக்கு வந்தார்கள்' என்று யாராவது எழுதிவிட்டால், ஓரத்தில் சிவப்பு மையில் 'டிக்கெட் எடுத்தது யார்?' என்று இருக்கும்.

அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தவர் அருளப்பன். கல்லூரி விரிவுரையாளர், வயது நாற்பத்தைந்து. ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. இரண்டு முறை காலநீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. மாத முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். நான்கு இயல்கள் முடிந்திருந்தன. அவற்றில் புதிதாக ஒன்றும் இல்லை என்பது அவருக்கே தெரியும். ஐந்தாவது இயல்தான் உயிர்.

அந்த இயலுக்கான கட்டு ஆவணக் காப்பகத்தில் தற்செயலாகத்தான் அவர் கையில் கிடைத்தது. வகைப்படுத்தாத கட்டுகளில் ஒன்று. இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் கடற்கரைக் கோட்டை ஒன்றிலிருந்து தப்பியோடிய ஓர் ஆப்பிரிக்க அடிமையைத் தேடிய காகிதங்கள். அந்தக் கோட்டையை வைத்திருந்த வெள்ளைக்காரக் கம்பெனி, அடிமையை எந்த மாதம் வாங்கியதோ அந்த மாதத்தின் பெயரையே அவனுக்கு வைக்கும். இவன் பெயர் நவம்பர். பீப்பாய் செய்பவன். இடது காதில் பாதி இல்லை. பதினோரு ஆண்டுகள் ஊர் ஊராகத் தண்டோரா போட்டுத் தேடியிருக்கிறார்கள். கிடைக்கவில்லை.

கட்டை மூடும்போது அட்டையின் உட்புறம் ஒட்டியிருந்த சீட்டை அருளப்பன் பார்த்தார். கட்டைக் கேட்டு வாங்கியவர்கள் அதில் கையெழுத்திட வேண்டும். மூன்று கையெழுத்துகள் இருந்தன. ஒன்பது ஒன்பது ஆண்டு இடைவெளியில். மூன்றும் தில்லைநாயகி.

"அந்தம்மாவை விட்டா இதை யாரும் தொட்டதில்ல சார்," என்றார் காப்பக எழுத்தர் சம்சுதீன். "வருவாங்க, வாங்குவாங்க, அட்டையைத் திறந்து பாப்பாங்க, குடுத்துட்டுப் போயிடுவாங்க. அஞ்சு நிமிஷம்."

"குறிப்பு எடுக்க மாட்டாங்களா?"

"பென்சில்கூடக் கொண்டுவர மாட்டாங்க."

இதைக் கேட்டு அருளப்பன் நிம்மதி அடைந்திருக்கலாம். ஆய்வாளர் என்பதால் அடையவில்லை. ஆறு ஆண்டுகளில் நூறு கட்டுகளின் எண்களைச் சொல்லிக்கொடுத்தவர் இந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவர் ஓய்வு பெற இன்னும் ஓர் ஆண்டுதான். ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் புத்தகம் எழுதுவார்கள். இவருக்கு என்ன வேண்டும் என்று அருளப்பன் தன்னைக் கேட்டுக்கொண்டார். ஆசிரியரின் கேள்வியை ஆசிரியர் மேலேயே போட்டுப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்தச் சீட்டில் நான்காவதாகத் தானும் கையெழுத்திட்டார். அதன்பிறகு ஆசிரியரிடம் எதையும் சொல்வதில்லை. போனில் கேட்டால் "அஞ்சாவது இயல் போய்க்கிட்டிருக்கு மேடம்" என்பார். எந்தத் திசையில் என்று சொல்ல மாட்டார்.

எட்டு மாதம் தனியாக அலைந்தார். கடற்கரையோரத்தில் ஒரு சிற்றூரின் தேவாலயப் பதிவேட்டில் 'ஊர் தெரியாத, காது அறுந்த, பீப்பாய் செய்கிற ஒருவனுக்கு' ஞானஸ்நானமும் கல்யாணமும் ஒரே நாளில் நடந்ததாகக் குறிப்பு கிடைத்தது. அந்தக் குடும்பம் இன்னும் அதே ஊரில் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அருளப்பன் தன் பையில் இரண்டு காகிதக் கத்தைகளை வைத்துக்கொண்டு ஆசிரியரின் அறைக்குப் போனார். ஒன்று ஐந்தாவது இயல். மற்றொன்று, தேவைப்பட்டால் கொடுப்பதற்கு, வழிகாட்டியை மாற்றக் கோரும் விண்ணப்பம்.

ஆசிரியர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நவம்பர் எப்படி இருக்கான்?"

அருளப்பன் நாற்காலியை இழுத்தவர் உட்காரவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன வாரம் காப்பகம் போனேன். சீட்டுல என் பேருக்குக் கீழ ஒரு கையெழுத்து. கீழ கோடு இழுத்து ரெண்டு புள்ளி வைக்கிறது எனக்குத் தெரிஞ்சு நீங்க ஒருத்தர்தான்."

"அப்ப என்னை வேவு பாக்குறீங்க."

"உங்களை இல்ல. சீட்டை. வேற யாராவது வந்தாங்களான்னு பாக்கத்தான் போவேன்."

"ஒரு ஆய்வாளர் மூணு தடவை ஒரு கட்டை வாங்குறார். ஒரு வரி எழுதல. மாணவனுக்கும் சொல்லல. இதுக்கு என்ன பேர் மேடம்?"

"நீங்க என்ன பேர் வச்சிருக்கீங்க?"

"பதுக்கல்."

"நல்ல சொல்," என்றார் ஆசிரியர். "உக்காந்து சொல்லுங்க. எங்க கிடைச்சான்?"

சொல்லக்கூடாது என்றுதான் வந்திருந்தார். ஆனால் எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாத செய்தி அது. பதிவேட்டில் ஆரம்பித்தார்.

"கல்யாணத்துக்குச் சாட்சி மட்டும் இருபத்தெட்டுப் பேர் மேடம். பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது, சிலுவைக் குறி போட்டிருக்காங்க."

"ஒரு கல்யாணத்துக்கு எதுக்கு இருபத்தெட்டுச் சாட்சி?"

"இவன் எங்க ஊர்க்காரன்னு ஊரே சேர்ந்து சொல்லுது. இயல்ல விரிவா எழுதியிருக்கேன்."

"குடும்பம்?"

"பெரியவர் பேரு சூசைமிக்கேல். ஐஸ் பேக்டரியில வேலை பாத்தவர். நான் அவர்கிட்டப் பேசிக்கிட்டிருக்கேன், ஊராட்சி ஆட்டோ ஒண்ணு மைக் கட்டிக்கிட்டு வருது. குடிநீர் வரி கட்டச் சொல்லி அறிவிப்பு. பெரியவர் பேச்சைப் பாதியில விட்டுட்டு எந்திரிச்சுக் கொல்லைப்பக்கம் போயிட்டார். மகனும் பின்னாலயே போறான். ஆட்டோ தெருமுனை தாண்டினதும் திரும்பி வந்து, விட்ட இடத்துலேருந்து பேசுறார்."

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். 'எங்கப்பா போவார், நாங்களும் போறோம்'னார். ஏன்னு அவருக்கே தெரியல. தண்டோரா மேடம். இருநூறு வருஷத்துக்கு முந்தின தண்டோராவுக்கு இன்னும் ஒளியறாங்க. இதைவிட ஒரு ஆதாரம் எவனுக்குக் கிடைக்கும்?"

"எவனுக்கும் கிடைக்காது," என்றார் ஆசிரியர். இந்தச் செய்தி அவருக்குப் புதிது. சிவப்புப் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"அந்த வீட்டுக்கு என்ன சொல்லிட்டுப் போனீங்க?"

"மீன்பிடித் தொழில் பத்தி ஆராய்ச்சின்னு."

"ம்."

"உண்மையைச் சொன்னா பேச மாட்டாங்க மேடம். கிளம்பறப்ப ஒரு கேள்வி மட்டும் கேட்டேன், உங்க முன்னோர் வெளியூராங்கன்னு. 'இந்த ஊர்தான் சார், எல்லாரும் இந்த ஊர்தான்'னார். தெருவுல இறங்கறேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, அவங்க இந்த ஊர்தான் சார்ங்கறார். எதிர்வீட்டு அம்மாவும் அதையே சொல்லுது. நான் கேக்கவே இல்ல."

"இன்னும் ரெண்டு சாட்சி. முப்பது ஆச்சு," என்றார் ஆசிரியர்.

அருளப்பன் சிரிக்கவில்லை.

"மேடம், முதல் வகுப்புல நீங்கதான் சொன்னீங்க. அடிமைங்க வரலாற்றுல இருக்கிற மௌனமெல்லாம் எஜமான் உண்டாக்கினது, அதை உடைக்கிறதுதான் நம்ம வேலைன்னு. குறிப்பெடுத்து வச்சிருக்கேன்."

"சொன்னேன்."

"இப்ப மாத்திச் சொல்லப் போறீங்களா?"

"இல்ல. இந்த மௌனத்தை உண்டாக்கினது யாரு?"

ஆசிரியரே தொடர்ந்தார்.

"பேர் கம்பெனி வச்சது. தொழில் கம்பெனி பழக்கினது. காதும் கம்பெனி அறுத்ததுதான். அவன் தானாப் பண்ணின காரியம் ஒண்ணே ஒண்ணு. அகப்படாம இருந்தது."

வெளியே தாழ்வாரத்தில் மாணவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டு போனார்கள். சத்தம் ஓய்ந்ததும் அருளப்பன் கேட்டார்.

"அப்படின்னா கட்டை அப்படியே விட்டுடலாமே. எதுக்கு ஒன்பது வருஷத்துக்கு ஒருதரம் போய்க் கையெழுத்துப் போடுறீங்க?"

"வகைப்படுத்தாத கட்டைப் பத்து வருஷம் யாரும் கேக்கலேன்னா எரிச்சுடலாம். காப்பக விதி."

"எரிஞ்சா நல்லதுதானே? ஒரேயடியாத் தப்பிச்சுடுவான்."

"இதுவும் எரிஞ்சுட்டா, அவன் தப்பிச்சான்னு யாருக்குத் தெரியும்?"

அருளப்பன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பையிலிருந்து ஐந்தாவது இயலை எடுத்து மேசைமேல் வைத்தார். தொண்ணூறு பக்கம். விண்ணப்பம் பையிலேயே இருந்தது. ஆசிரியர் இயலைத் தொடவில்லை.

"இது இல்லேன்னா எனக்குப் பட்டம் இல்ல மேடம்."

"இல்ல."

"ஆறு வருஷ உழைப்பு."

"பதினோரு வருஷம் உழைச்சவங்க இருக்காங்க."

"கிண்டல் வேண்டாம்."

"கிண்டல் இல்ல. உங்களுக்கு முன்னால தேடினவங்களைச் சொன்னேன்."

"நேராவே சொல்லிடுங்க. இதுல நீங்க கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா?"

"போடுவேன். ஆதாரம் சரி. ஆராய்ச்சி சரி. போடாம இருக்க எனக்கு விதி எதுவும் இல்ல."

அருளப்பன் எதிர்பார்த்த பதில் இது இல்லை. சண்டைக்குத் தயாராக வந்தவர், எதிரி கதவைத் திறந்துவிட்டதும் உள்ளே போகத் தயங்குவதைப்போல் உட்கார்ந்திருந்தார்.

"அப்ப இதை வெளியிடலாமா?"

"வெளியிடலாம். கட்டோட கடைசித் தாள் உங்க போன்ல இருக்கா?"

இருந்தது. ஊர்த் தலைவர்களுக்கு அனுப்பிய தண்டோரா அறிக்கை, கம்பெனியின் மொழிபெயர்ப்பாளரான துபாஷியின் தமிழில். ஆளின் உயரம், தொழில், காது. அருளப்பன் அதை நாற்பது தடவை படித்திருந்தார். இயலில் முழுவதும் எடுத்தாண்டிருந்தார். கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டார். அதில் செய்தி ஒன்றும் இல்லை.

"கடைசி வரியைப் படிங்க."

அருளப்பன் படத்தைப் பெரிதாக்கினார்.

"'பிடித்துக்கொடுத்தவன் பேர்'," என்று படித்தார். "அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல மேடம். வெறும் கோடு."

ஆசிரியர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி, பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இருநூறு வருஷமா இடம் விட்டு வச்சிருக்காங்க," என்றார். "எழுதுங்க."