வெள்ளெலி வளையில் ஊற்று

கேளுங்கள் பிள்ளைகளே, பிள்ளைகள் அல்லாதவர்களும் காதைக் கொடுங்கள். மேகங்கள் வழி மறந்துபோன ஒரு காலத்தில், தெற்கே ஒரு செம்மணல் காட்டில், பொடிச்சி என்ற வெள்ளெலி நான்கு குட்டிகளோடு வளையில் குடியிருந்தாள்.

அந்தக் கோடையில் குளம் வற்றியது. குட்டை வற்றியது. குட்டையின் சேறும் வற்றியது. தண்ணீர் தேடி மான் போயிற்று, முயல் போயிற்று, மயிலும் போயிற்று. பொடிச்சி மட்டும் போகவில்லை. கொழுகொழுவென்று இருந்தாள்.

வக்கணையன் என்ற நரிக்கு இது பொறுக்கவில்லை. குடிக்காமல் யாராவது கொழுப்பார்களா? இவள் வளைக்குள் ஊற்று இருக்கிறது என்று முடிவு கட்டினான். நேரே வந்து வளையில் மூக்கை நுழைத்து, ஊற்றைக் காட்டாவிட்டால் குட்டிகளைத் தின்றுவிடுவேன் என்றான்.

பொடிச்சி குட்டிகளை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள். நல்ல பொய்யாக ஒன்று தேடினாள், அகப்படவில்லை. வேறு வழியின்றி உண்மையைச் சொன்னாள்.

"ஊற்று என் உடம்புக்குள் இருக்கிறது, நரியாரே. காய்ந்த விதையைத் தின்றால் அதிலிருந்தே என் உடம்பு நீர் எடுத்துக்கொள்ளும். எடுத்ததை வெளியே விடாது."

"அப்படியானால் உன்னைக் கடித்தால் தண்ணீர் வருமா?"

"அரை வாய் ரத்தம் வரும். அதோடு ஊற்றும் போய்விடும். அதைவிட மூன்று நாள் என்னைப் போல இருந்து பாரும். உமக்கும் ஊறுகிறதா என்று தெரிந்துவிடும். நாங்கள் எங்கே ஓடிவிடப் போகிறோம்?"

தனக்கென்றே ஓர் ஊற்று! வக்கணையன் சம்மதித்தான். பொடிச்சி மீசைக்குள் சிரித்துக்கொண்டாள்.

முதல் நாள், பகலெல்லாம் மண்ணுக்குள் முடங்க வேண்டும் என்றாள். அவன் அவசரமாகத் தோண்டிய குழிக்குள் தலைதான் நுழைந்தது. வால் வெயிலில் வெந்தது.

இரண்டாம் நாள், காய்ந்த புல்விதை தவிர எதையும் தொடக்கூடாது என்றாள். மென்றான், விழுங்கினான், விக்கினான். விக்கல் பொழுது சாயும் வரை நிற்கவில்லை.

மூன்றாம் நாள், நாக்கை நீட்டக்கூடாது, மூக்கால்தான் மூச்சுவிட வேண்டும், நாள் முழுவதற்கும் ஒரே சொட்டுச் சிறுநீர்தான் என்றாள். வக்கணையன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆனால் பனைமரத்தைக் கண்டதும் பின்னங்கால் தானாகத் தூக்கிக்கொண்டது. உச்சிவெயில் ஏறியதும் நாக்கு ஒரு சாண் வெளியே வந்து தொங்கியது.

கோபத்தில் எலியைத் தின்னலாம் என்று வாயைத் திறந்தான். விழுங்குவதற்கு எச்சில் இல்லை. மூன்று காதம் தள்ளியிருந்த ஆற்றுக்கு விழுந்தடித்து ஓடினான். தலைகுப்புற விழுந்து குடித்தான்.

பொடிச்சியின் வளையில் ஊற்று உண்டா என்று அங்கே மான் விசாரித்தது. ஊற்று இருப்பது மெய்தான், ஆனால் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று சொல்லிவிட்டு, அந்த மணல்காட்டுப் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

தலைமுறை தலைமுறையாகப் பிறர் உடம்பு தாங்கிப் பழகியதை அச்சுறுத்திப் பறிக்கவும் முடியாது, மூன்று நாளில் கற்கவும் முடியாது.