கீறல் விழாத ஸ்கூட்டர்

"தலைமையாசிரியர்களுக்குப் புத்தி சொல்ல ஏதாவது வழி இருக்கா மேடம்?" என்று கேட்டபடியே தியாகேசன் உள்ளே வந்தார்.

குருவிடம் போகிறவர் வேள்விக்குச் சமித்து என்னும் சுள்ளி கொண்டுபோவது மரபு. இவர் விசிட்டிங் கார்டு கொண்டு வந்திருந்தார்.

மெஹருன்னிசா நிமிரவில்லை. சோதனைக்குழாய்களை வைக்கோலில் பொதிந்துகொண்டிருந்தார். அந்த மாவட்டத்தின் அரசுப் பள்ளிகள் ஆய்வகக் கண்ணாடிச் சாமான்களை அவரிடம்தான் வாங்குகின்றன. டெண்டரில் அவர் தோற்றதாக யாருக்கும் நினைவில்லை.

தியாகேசன் விற்பது டேப்லெட். அதில் கணக்குப் பாடம் இருக்கும். பிள்ளை தப்பாகப் போட்டால், எந்த இடத்தில் தப்பு என்று காட்டும். நல்ல சரக்கு. போன இடமெல்லாம் தோற்றிருந்தது.

பழைய இலக்கணக்காரர்கள் மாணாக்கரை அன்னம், ஆடு, ஓட்டைக்குடம், பன்னாடை என்றெல்லாம் வகை பிரித்தார்கள். குருவைவிடப் பத்து வயது மூத்த மாணாக்கரை எதில் சேர்ப்பது என்று அவர்கள் சொல்லவில்லை.

"புத்தி சொல்ற அளவுக்கு அவங்க என்ன சார் செஞ்சாங்க?"

"போன வருஷம் இந்த மாவட்டத்துலயே சில பள்ளிக்கூடத்துக்கு, தலைமையாசிரியர் கையெழுத்து வாங்கிட்டு, இலவசமா குடுத்தோம். பிடிச்சா வாங்குங்கன்னு. ஒருத்தர் விடாம பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்க. மேல ஒட்டின பிளாஸ்டிக்கைக்கூட உரிக்கல. 'யாருமே பயன்படுத்தலையே'ன்னு அதிகாரி என்னைக் கேக்கறார்."

"ஏன் பூட்டினாங்களாம்?"

"சோம்பேறித்தனம். வேற என்ன? நாளைக்கு மூணு மணிக்கு டெண்டர் மூடுது. இதுவும் போச்சுன்னா கம்பெனியையும் மூட வேண்டியதுதான். நீங்க எப்படி ஜெயிக்கிறீங்க? அதைச் சொல்லுங்க."

மெஹருன்னிசா கையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டினார்.

"இப்ப லாரி வந்துடும் சார். நாலு மணிக்கு வாங்க, பேசலாம். அதுவரைக்கும் ஊர்ல வேலை இருக்கா?"

"கல்வி அலுவலகம் போகணும். அப்புறம் பேங்க்."

"வெயில்ல எதுக்கு அலையறீங்க? என் ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போங்க." சாவியை நீட்டினார். "போன வாரம் வாங்கினது. எப்படிப் போகுதோ அப்படியே திரும்பி வரணும். இந்த நோட்டுல ஒரு கையெழுத்து."

"ஸ்கூட்டருக்குக் கையெழுத்தா?"

"பொருள் கைமாறுதே."

தியாகேசன் சிரித்துக்கொண்டே போட்டார்.

நாலு மணிக்கு அவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பெட்ரோல் தீந்துடுச்சா?"

"இல்ல. அப்படியே இருக்கு."

"அப்ப ஏன் தள்ளிட்டு வர்றீங்க?"

"கடைவீதியில ஷேர் ஆட்டோக்காரன் உரசற மாதிரியே வர்றான் மேடம். அதான் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சைக்கிள் ஸ்டாண்டுல விட்டுட்டேன். பக்கத்துல வேற வண்டிய விடாதப்பான்னு அந்த ஆளுக்கு டீ வேற வாங்கிக் குடுத்தேன்."

"கல்வி அலுவலகத்துக்கு?"

"ஆட்டோவுல போனேன்."

"பேங்குக்கு?"

"நடந்து."

மெஹருன்னிசா ஸ்கூட்டரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து அடியிலும் பார்த்தார். தியாகேசன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீறல் விழுந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன் சார்?"

"தெரியாது."

"கேட்டிருக்கலாமே."

"அதை எப்படிக் கேக்கறது? கேட்டா, கீறத்தான் போறேன்னு நெனைப்பீங்களே."

மெஹருன்னிசா சாவியை வாங்கிக்கொண்டு போய், ஒரு பீக்கரை எடுத்துப் பொதியத் தொடங்கினார்.

தியாகேசன் வாசலிலேயே நின்றார். லாரி வந்தது. சரக்கு ஏறியது. லாரி போனது.

பிறகு அவர் செல்போனை எடுத்துத் தன் அலுவலகத்தை அழைத்தார்.

"கஸ்தூரி, நம்ம டெண்டர் கையில இருக்காம்மா? டேப்லெட் உடைஞ்சா யார் பொறுப்புன்னு எந்தப் பக்கத்துல எழுதியிருக்கோம், பாரு."

"ஒரு நிமிஷம் சார்."

மறுமுனையில் நெடுநேரம் தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.